செல்வி மாட்டிய ஹீட்டர்

1

நாங்கள் அயர்லாந்துக்கு வந்து ஐந்து வருடம் முடிந்த வாரத்தில் வீட்டில் வெந்நீர் நின்றுபோனது. கொண்டாட்டத்துக்கு ஒரு சின்ன கேக் வாங்கியிருந்தேன். சாப்பிட்ட தட்டைக் கழுவக் குழாயைத் திறந்தபோதுதான் தெரிந்தது. விரல் விறைத்துப்போகிற தண்ணீர். பிப்ரவரி மாதம்.

வாடகை வீடு. இங்கே இப்படி ஏதாவது நின்றுபோனால் நாமாக ஒன்றும் செய்யக்கூடாது. வீட்டு ஏஜெண்டுக்கு மின்னஞ்சல் அனுப்பினால் ஒரு எண் தருவார்கள். அந்த எண்ணைச் சொல்லித் தொலைபேசியில் மறுபடி முறையிட வேண்டும். முறையிட்டேன். "உங்கள் ஹாட் பிரஸ் எங்கே இருக்கிறது?" என்று ஒரு பெண் கேட்டாள். இஸ்திரிப் பெட்டியைக் கேட்கிறாள் என்று நினைத்துக்கொண்டு, "மேஜைக்கு அடியில். ஆனால் அது நன்றாகத்தான் வேலை செய்கிறது" என்றேன். அவள் அதே கேள்வியை மறுபடி கேட்டாள். வெந்நீர்த் தொட்டி இருக்கிற அலமாரிக்கு இந்த நாட்டில் அதுதான் பெயர் என்று என் மகள் மித்ரா வந்து சொன்னாள். எட்டு வயது. "எல்லாருக்கும் தெரியுமே அம்மா," என்று ஆங்கிலத்தில் சொல்லிவிட்டுப் போனாள்.

பதிவுபெற்ற ஆள் சனிக்கிழமை வருவார், அதுவரை கருவியில் யாரும் கை வைக்க வேண்டாம் என்று பதில் வந்தது. கெட்டிலில் கொதிக்கவைத்து வாளியில் விளாவிக் குளித்தோம்.

அந்தப் புதன்கிழமைதான் ஊரிலிருந்து வீடியோ வந்தது. அனுப்பியவன் என் தம்பி முத்து. வீடியோவில் அவன் மனைவி செல்வி, சேலையை இடுப்பில் செருகிக்கொண்டு ஸ்டூல் மேல் நிற்கிறாள். அம்மாவுக்காக நான் வாங்கி அனுப்பிய வாட்டர் ஹீட்டரைச் சுவரில் மாட்டுகிறாள். கடைக்காரர் ஆள் அனுப்பும்வரை காத்திருக்கவில்லை. கீழே முத்து எழுதியிருந்தான்: "ஆள் எதுக்கு? எங்க வீட்டு இன்ஜினியர்."

இன்ஜினியர்! பத்தாவதோடு நின்றவள். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூட வாசலை மிதித்த முதல் ஆள் நான். நர்சிங் பட்டம் வாங்கினேன். இந்த நாட்டுக்காரர்கள் வைத்த பரீட்சைகளையும் எழுதித் தேறினேன். என்னை ஒருத்தரும் எங்கள் வீட்டு டாக்டர் என்றோ எங்கள் வீட்டு நர்ஸ் என்றோ இதுவரை எழுதியதில்லை. இங்கே நான் ஒரு திருகாணியைத் திருப்பக்கூட அனுமதி இல்லாமல் உட்கார்ந்திருக்கிறேன். அவள் அங்கே மதியச் சாப்பாட்டுக்கு முன்னால் வேலையை முடித்துவிட்டாள்.

2

எங்கள் வீடு எல்லை தாண்டி மலையாளத்து மலையில், வண்டன்மேட்டுக்கு மேலே, ஏலத்தோட்டங்களுக்கு நடுவில். அப்பா இருந்தவரை தோட்டத்து லயத்தில், ஆட்களுக்கான வரிசை வீட்டில், இருந்தோம். இப்போது இருப்பது முத்து கட்டிய ஷீட்டு வீடு. அம்மா இன்னும் ஏலக்காய் எடுக்கப் போகிறாள். வருடம் முழுக்கப் பனியிலும் சாரலிலும் குனிந்தே வேலை செய்த உடம்பு. முட்டி இரண்டும் வீங்கிவிட்டன. வேலை விட்டு வந்ததும் சுடுதண்ணீர் ஊற்றாவிட்டால் அவளால் உட்கார்ந்து எழ முடியாது.

அந்தத் தண்ணீரைப் போடுவது செல்விதான். அம்மா வரும் நேரம் பார்த்து அடுப்பில் பெரிய அலுமினியச் சட்டியை ஏற்றுவாள். பிறகு அவளே அம்மாவின் முதுகுக்கும் முட்டிக்கும் ஊற்றித் தேய்த்துவிடுவாள். எனக்கு இதெல்லாம் எப்படித் தெரியும் என்றால், ஞாயிற்றுக்கிழமை தவறாமல் அம்மா எனக்குச் சொல்கிற செய்தியே இதுதான்.

"செல்வி கை பட்டா வலி பாதி போயிருது. அவ ஊத்துற பக்குவம் ஒருத்திக்கும் வராது."

அந்த ஒருத்தியில் நானும் உண்டு என்பதை அம்மா யோசித்தே இருக்க மாட்டாள்.

நான் வேலை செய்வது முதியோர் இல்லத்தில். காலை வேலையில் பாதி, குளிப்பாட்டுவது. தொட்டியில் தண்ணீர் நிரப்பி, வெப்பமானியை விட்டு அளந்து, அளவைப் பலகையில் எழுதிவிட்டுத்தான் ஆளை இறக்க வேண்டும். வயதான தோல் காகிதம் மாதிரி, கொஞ்சம் சூடு கூடினாலும் வெந்துவிடும். அந்தப் பெண்கள் என் கையைப் பிடித்துக்கொண்டு நன்றி சொல்கிறார்கள். சிலர் என்னைத் தங்கள் மகளின் பெயரால் கூப்பிடுகிறார்கள். யாருடைய அம்மாக்களையோ நான் குளிப்பாட்டுகிறேன், என் அம்மாவைச் செல்வி குளிப்பாட்டுகிறாள். இதை நினைக்காமல் எனக்கு ஒரு காலையும் போவதில்லை.

ஹீட்டர் வாங்கியது அதனால்தான். அம்மாவுக்குச் சௌகரியமாக இருக்கட்டும் என்று எல்லோரிடமும் சொன்னேன், அதுவும் உண்மை. ஆனால் அந்த அலுமினியச் சட்டி அடுப்பை விட்டு இறங்க வேண்டும் என்றுதான் ஆசைப்பட்டேன். குழாயைத் திறந்தால் வெந்நீர் வரும், அம்மா என் பேரைச் சொல்வாள். செல்விக்கு அந்த வேலையே இல்லாமல் போகும்.

கட்டப்பனையில் ஒரு கடைக்கு இங்கிருந்தே பேசினேன். ஹீட்டர் உடனே வீட்டுக்குப் போய்விடும், மாட்டுகிற ஆள் மட்டும் அடுத்த வாரம் வருவார் என்றார்கள். அந்த ஒரு வாரத்தைச் செல்வி எடுத்துக்கொண்டாள்.

3

வீடியோவை எத்தனை தடவை பார்த்தேன் என்பதைச் சொல்ல மாட்டேன்.

ஏலச்செடிக்குக் கோடையில் தண்ணீர் விடுவது எப்படி என்று முதலில் சொல்லிவிடுகிறேன். மேட்டில் படுதா விரித்த குளம் இருக்கும். அங்கிருந்து கறுப்பு ஓஸ் குழாய் சரிவெல்லாம் இறங்கி வரும். மோட்டார் வேண்டியதில்லை, உயரமே தண்ணீரைத் தள்ளும். தள்ளுகிற வேகத்தில் நடுவில் எங்காவது ஓஸ் கிழிந்து பீற்றிக்கொண்டால் கீழே உள்ள செடி காய்ந்துபோகும். அதனால் ஒழுகலைக் கண்டால் உடனே அடைப்பது எங்கள் ஆட்களுக்குக் கைப்பழக்கம். பழைய சைக்கிள் ட்யூபை நாடாவாக வெட்டி, இழுத்துச் சுற்றி, கம்பியால் முறுக்கிவிடுவார்கள். செல்வி கல்யாணத்துக்கு முன்பிருந்தே ஓஸ் வேலைக்குப் போனவள். அவள் கட்டிய கட்டு அவிழாது என்று தோட்டத்தில் பேர். வீட்டுக்குத் தண்ணீர் வருவதும் அப்படித்தான், மேட்டு ஊற்றிலிருந்து ஓஸ் வழியாக நேராக.

வீடியோவில் ஹீட்டரை மாட்டி முடித்ததும் அந்த ஓஸை அதோடு இணைக்கிறாள். வயர் குட்டையாக இருக்கிறது. குளியலறையில் பிளக் இல்லை. ஹீட்டரின் அடிமூடியைக் கழற்றி, உள்ளே வேறு ஒரு நீள வயரைச் சேர்த்து, முன்னறையில் டிவி சொருகும் பலகை வரைக்கும் இழுத்து வருகிறாள். சுவிட்ச் போடுகிறார்கள். சிவப்பு விளக்கு எரிகிறது. அம்மா கன்னத்தில் போட்டுக்கொள்கிறாள். கொஞ்ச நேரத்தில், ஹீட்டருக்குத் தண்ணீர் ஏறும் இடத்தில் இருக்கிற பித்தளை வால்வின் சின்ன மூக்கிலிருந்து சொட்டுச் சொட்டாக விழத் தொடங்குகிறது.

"ஏ, ஒழுகுதுடி," என்று முத்துவின் குரல். "ஓட்ட மிஷினக் குடுத்து ஏமாத்திட்டாங்க எங்கக்காவ."

"ஓட்டையாவது ஒண்ணாவது. தள்ளுங்க அங்கிட்டு," என்கிறாள் செல்வி. மூக்கில் ஒரு குச்சியைச் செருகி அடிக்கிறாள். மேலே ரப்பர் நாடாவைச் சுற்றுகிறாள். கம்பியைப் போட்டுக் குறட்டால் முறுக்குகிறாள். சொட்டு நிற்கிறது.

அம்மா கை தட்டினாள். என் அம்மா கை தட்டி நான் பார்த்ததே இல்லை. நான் பட்டம் வாங்கி வந்த அன்று, "சாப்ட்டியா?" என்றுதான் கேட்டாள்.

மித்ரா என் தோளுக்குப் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். "அத்தை ஸோ கூல்! நம்ம வீட்ல நீங்க ஏம்மா இப்படி ஃபிக்ஸ் பண்ணல?"

"இங்க அப்படிப் பண்ணக் கூடாது."

"உங்களுக்குத் தெரியாது. அம்புட்டுத்தேன்."

அந்த அம்புட்டுத்தேன் செல்வியின் சொல். நான் தமிழில் கேட்டால் மித்ரா ஆங்கிலத்தில் பதில் சொல்வாள். பள்ளி விட்டு வந்ததும் டேப்லெட்டை எடுத்துக்கொண்டு அறைக்குள் போய், அத்தையோடு மட்டும் தமிழ் பேசுவாள். பிள்ளைக்குத் தமிழ் வருகிறதே என்று என் கணவர் பிரபு சந்தோஷப்படுகிறார். எனக்கு அந்தச் சந்தோஷம் வாய்க்கவில்லை. நான் பெற்ற பிள்ளை என் அம்மாவின் மருமகளைப் போலப் பேசுகிறது.

4

சனிக்கிழமை அந்தப் பதிவுபெற்ற ஆள் வந்தார். ஏதோ ஒரு பாகத்தை மாற்றினார், வெந்நீர் வந்துவிட்டது. ஒரு சான்றிதழில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். போகிற நேரத்தில், இவ்வளவு காத்திருந்ததற்கு இதையும் பார்த்துவிடட்டுமே என்று, பின்சுவரில் வெளியே நீட்டிக்கொண்டிருந்த ஒரு செம்புக் குழாயைக் காட்டினேன். "சில சமயம் இது சொட்டுகிறது. அடைத்துவிட முடியுமா?"

அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். அதை ஒருபோதும் அடைக்கக் கூடாது என்றார். தண்ணீர் சூடானால் பெருகும், பெருகியது வெளியேற அதுதான் வழி, அதை அடைத்துவிட்டுச் சூடாக்கினால் தொட்டியே வெடிகுண்டாகிவிடும் என்றார். இரண்டு கையையும் விரித்து, வாயால் வெடிச்சத்தம் போட்டுக் காட்டினார்.

அவர் வண்டி கிளம்பியதும் வீடியோவைப் போட்டேன். பித்தளை மூக்கு. குச்சி. ரப்பர். கம்பி. அம்மாவின் கைதட்டல்.

அப்போது எனக்கு முதலில் வந்தது பயம் இல்லை. சந்தோஷம். இன்ஜினியர் மாட்டிக்கொண்டாள் என்ற சந்தோஷம். நாளைக்கு எல்லோர் முன்னாலும் எப்படிச் சொல்ல வேண்டும், எந்த வார்த்தையில் தொடங்க வேண்டும் என்று சமைத்துக்கொண்டே ஒத்திகை பார்த்தேன். கொதித்தால் தானாக அணைகிற கருவி உள்ளே இருக்கிறதே, ஒரு நாளில் என்ன ஆகிவிடப்போகிறது என்று சமாதானமும் சொல்லிக்கொண்டேன். அன்றே கூப்பிட்டுச் சொல்லியிருக்கலாம். ஞாயிற்றுக்கிழமைதான் எல்லோரும் வீட்டில் இருப்பார்கள், எல்லோரும் கேட்க வேண்டும் என்று காத்திருந்தேன்.

5

ஞாயிறு இங்கே காலை, அங்கே மதியச் சாப்பாடு முடிந்த நேரம். அம்மாவின் முகம் திரை முழுக்க வந்தது. தலையில் எண்ணெய் வழிய உட்கார்ந்திருந்தாள். பின்னால் செல்வி தரையில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள்.

"ஏத்தா ஜெயா, மிஷினு பிரமாதம். தொறந்தாப் போதும், பாம்பு கணக்காச் சீறிக்கிட்டு வருது. ஆவி கண்ண மறைக்குது."

எனக்கு அந்தச் சீறல் பிடிக்கவில்லை. ஒத்திகை பார்த்ததெல்லாம் மறந்துபோனது. "செகப்பு லைட் எவ்வளவு நேரத்துல அணையுது?" என்று கேட்டேன்.

முத்து போனை வாங்கிக்கொண்டான். "அது அணையவே அணையாதுக்கா. நாமளாப் பாத்து சுச்ச அமத்துனாத்தேன் உண்டு. நல்ல கம்பெனி மிஷினு."

சூடு போதும் என்றால் அந்த விளக்கு தானாக அணைய வேண்டும். அணையவில்லை என்றால் கொதிக்கக் கொதிக்க இன்னும் காய்ச்சிக்கொண்டே இருக்கிறது என்று அர்த்தம். வெளியேறும் ஒரே வழியில் குச்சி. நான் நம்பிக்கொண்டிருந்த சமாதானமும் போனது. அப்போதும் வாயில் வந்ததோ பழைய வார்த்தைதான்.

"எந்த அறிவுகெட்டவடா அந்த மூக்க அடைச்சது?"

எவள் என்று எனக்குத் தெரியும். எல்லோருக்கும் தெரியும். செல்வி முறத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

"ஆரம்பிச்சுட்டியாக்கா?" என்றான் முத்து. "சுவத்துக்கு அவ சொன்ன பச்ச நல்லால்ல. அவ வெச்ச கொழம்புல புளி கூட. அம்மாவுக்கு எடுத்த சேல நெறம் மட்டம். இப்ப மிஷினு. ஒனக்கு அங்க வேற சோலியே இல்லையா?"

"டேய், இது வெடிச்சிரும்டா. நெசமாச் சொல்றேன்."

"வெடிக்கட்டும். ஒனக்குக் குளுந்து போகும்."

"முத்து, சுச்ச அமத்துடா!"

"இப்பத்தேன் போட்டு விட்ருக்கேன், அமத்துறதா? கம்பத்துலருந்து மாமா வீட்டு ஆளுக ஜீப்புல வாராக. பிள்ளைக மட்டும் ஏழெட்டு. அம்புட்டும் குளிச்சுட்டுக் கோயிலுக்குப் போகணும். அவுக வர்றவரைக்கும் ஓடும்."

அம்மாவின் குரல் பக்கத்தில் கேட்டது. கோபமே இல்லாத குரல். "விடுடா அவள. அங்க ஒத்தையாக் கெடக்கா. வயித்தெரிச்சல்ல என்னமோ பேசுறா."

இணைப்பு போய்விட்டது.

மறுபடி கூப்பிட்டேன். எடுக்கவில்லை. அம்மாவின் எண்ணுக்குக் கூப்பிட்டேன். மணி அடித்து ஓய்ந்தது. ஐந்து வருடமாக ஒன்றுமில்லாததற்கெல்லாம் செல்விமேல் குற்றம் சொல்லியிருக்கிறேன். இப்போது ஒன்று இருக்கிறது, கேட்க ஆளில்லை. அவர்கள் சொன்னதில் பிசகும் இல்லை. வயிற்றெரிச்சல்தான். வயிற்றெரிச்சல்காரி சொன்னாலும் வெடிக்கிறது வெடிக்கத்தான் செய்யும் என்பதை யாரிடம் சொல்வது?

6

செல்வியின் எண் என் போனில் இல்லை. எனக்கு அது தேவைப்பட்டதே இல்லை. மித்ராவின் கையிலிருந்து டேப்லெட்டைப் பிடுங்கினேன். அவள் கத்தினாள். அதில் முதல் பேரே "அத்தை". பக்கத்தில் ஒரு சிவப்பு இதயம்.

உடனே எடுத்துவிட்டாள். "எஞ் செல்லக்குட்டி, என்ன சாப்..." என்று தொடங்கியவள் என் முகத்தைப் பார்த்ததும் நிறுத்தினாள். கண் சிவந்திருந்தது, வெங்காயமாகவும் இருக்கலாம். "மதினியா? பிள்ளைக்கு என்னாச்சு?"

"பிள்ளைக்கு ஒண்ணும் இல்ல. நாந்தான்."

"ஓ. பாக்கியும் திட்டணுமா? திட்டுங்க. இந்தக் கையாலதேன் அடைச்சேன்."

சொல்ல வேண்டியதை அவளுக்குத் தெரிந்த வழியில் சொன்னால்தான் ஆகும் என்று எப்படியோ தோன்றியது. "செல்வி, மேட்டுக் குளத்த முழுசாத் தொறந்துவிட்டுட்டு, கீழ ஓஸு வாயையும் நடுவுல இருக்க வாயையும் அடைச்சுட்டா என்ன ஆகும்?"

"என்ன ஆகும், பீத்திக்கும். எங்க நைஞ்சிருக்கோ அந்த எடத்துல."

"ஓஸுன்னா பீத்திக்கும். இரும்புத் தொட்டின்னா?"

அவள் திரும்பிக் குளியலறைப் பக்கம் பார்த்தாள்.

"அந்த மூக்கு ஒழுகுறதுக்குன்னே வெச்சது செல்வி. தண்ணி கொதிச்சாப் பெருகும், பெருகுனது வெளிய வர அது ஒண்ணுதான் வழி. லைட்டு அணையலேன்னா உள்ள கொதி நிக்கவே இல்ல. எனக்கு ஒன்னப் பிடிக்காது, அது வேற. இது நெசம்."

இதைச் சொன்னதும் அவள் என்னை நேராகப் பார்த்தாள். கடைசி வாக்கியம்தான் அவளை நம்பவைத்தது என்று நினைக்கிறேன். டேப்லெட் திரையில் கூரைத் தகடு மட்டும் தெரிந்தது. போனை எங்கோ போட்டுவிட்டு ஓடியிருக்கிறாள். பாத்திரம் உருளும் சத்தம். அப்புறம் அவள் குரல், மூச்சிரைக்க: "பிளக்கப் புடுங்கிட்டேன்! மதினி, உள்ள கடமுடா கடமுடான்னு உருளுது."

"கிட்டப் போகாத. கம்பியத் தொடாத. குழாயத் தொறக்காத. அதுவா ஆறட்டும். எல்லாரையும் முன்பக்கம் கூட்டிட்டுப் போயிரு."

"ஐயோ, அத்தை!"

"என்ன?"

"எண்ணெ தேச்சுட்டு உள்ளதேன் உக்காந்துருக்காக! அவுக தலைக்கு மேலதேன் மிஷினு!"

மறுபடியும் கூரைத் தகடு. மித்ரா என் கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கதவு படார் என்றது. அம்மாவின் குரல் வீட்டையே தூக்கியது. "என்னடி இழுக்குற, கிறுக்குச் சிறுக்கி! சேலை அவுருது, எண்ணெ கண்ணுல எறங்குது!" அம்மா திட்டுவதைக் கேட்டு அப்படி ஒரு நிம்மதி எனக்கு வந்ததில்லை. அந்தத் திட்டு செல்விக்கு விழுந்ததிலும் ஒரு துளி நிம்மதி இருந்தது. அந்த நேரத்திலும்.

செல்வி போனை எடுத்தபோது நெற்றியெல்லாம் எண்ணெய். "வாசல்ல உக்காத்திட்டேன். ஜீப்பப் பாக்க ரோட்டுக்குப் போன உங்க தம்பி வந்து ஏன் புடுங்குனன்னு கேட்டா என்ன சொல்ல?"

"எம் பேரச் சொல்லாத. நான் சொன்னேன்னு தெரிஞ்சா மல்லுக்குன்னே மறுபடி சொருகுவான். நீயே கண்டுபிடிச்சேன்னு சொல்லு. நீ சொன்னாக் கேப்பாங்க."

"பொய் சொல்லச் சொல்றீகளா?"

"ஆமா."

அவள் முந்தானையால் நெற்றியைத் துடைத்துக்கொண்டாள். "அஞ்சு வருசத்துல இன்னைக்குத்தேன் எனக்குன்னு ஒரு போன் பண்ணிருக்கீக. அதுவும் பொய் சொல்லச் சொல்லி." சிரித்தாளா என்று தெரியவில்லை. அடுப்பில் சட்டியை ஏற்றப் போகிறேன், பிள்ளைகள் வந்துவிடுவார்கள் என்று சொல்லி வைத்துவிட்டாள்.

7

மறுநாள் கடையிலிருந்து ஆள் வந்தார். ஹீட்டரின் அடிமூடியைத் திறந்து பார்த்ததும் தலையில் அடித்துக்கொண்டாராம். பிறகு, வெடிக்காமல் போனது உங்கள் பாக்கியம் என்று மலையாளத்தில் சொன்னாராம். வயரை நீட்டியபோது, சூடு மிஞ்சினால் மின்சாரத்தை நிறுத்துகிற கருவியைத் தாண்டி நேராகச் சேர்த்திருந்தார்கள். எர்த் கம்பியை வேண்டாத கம்பி என்று வெட்டி விட்டிருந்தார்கள். மேட்டு ஊற்றின் வேகம் நேராக ஹீட்டருக்குள் போகக் கூடாது என்று கூரைக்குப் பக்கத்தில் ஒரு சின்ன டேங்க் வைக்கச் சொல்லி, வைத்த பிறகுதான் இணைத்தார். வால்வு மூக்கில் ஒரு குழாயைச் செருகி வெளியே விட்டார். இப்போது அது கோழிகள் குடிக்கும் சட்டியில் சொட்டுகிறது.

நம் பக்கத்தில் இதை வாசிக்கிறவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். ஓஸ் வேலை தெரிந்த கை என்று ஹீட்டரில் கை வைக்காதீர்கள். ஒழுகுகிற எல்லாம் ஓட்டை இல்லை. விளக்கு அணையவில்லை என்றால் மிஷின் உழைக்கிறது என்று மெச்சாதீர்கள், பிளக்கைப் பிடுங்குங்கள். ஒரு வாரம் தாமதித்தாலும் தெரிந்த ஆள் வரட்டும்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அம்மா கூப்பிட்டாள். வழக்கமாகக் கூப்பிடுவது நான்தான். அன்று அவள் கூப்பிட்டதே இதை எனக்குச் சொல்லத்தான்.

"ஏத்தா, நீ படிச்ச பிள்ள, என்னமோ மூக்கு மூக்குன்னு கத்துன. செல்வி ஒண்ணும் பேசல. வேலைய முடிச்சா, உத்துப் பாத்தா, சத்தத்த வெச்சே கண்டுபிடிச்சுட்டா. எண்ணெத் தலையோட என்னய இழுத்துப் போட்டா பாரு, இல்லேன்னா இன்னைக்கு நான் ஏது? வந்த ஆளே அசந்துபோனாரு. எங்குலதெய்வம்த்தா அவ."

"ஆமாம்மா. கெட்டிக்காரி," என்றேன். அந்த இரண்டு வார்த்தையும் என் வாயிலிருந்து எப்படி வெளியே வந்தன என்று எனக்கே தெரியாது.

அம்மாவுக்குப் பின்னால் நின்றிருந்த செல்வி, நான் தலையை ஆட்டி வேண்டாம் என்று சைகை செய்வதற்குள் முன்னால் வந்துவிட்டாள்.

"அத்தை, நான் கண்டுபிடிக்கல. மதினிதேன் எனக்குப் போன் பண்ணிச் சொன்னாக. அவுக சொல்லலேன்னா நான் பாட்டுக்கு வெங்காயம் உரிச்சுக்கிட்டு இருந்துருப்பேன்."

அம்மா செல்வியைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். அவள் கண் கலங்கிவிட்டது.

"பாத்தியாடி அவ கொணத்த," என்றாள் என்னிடம். "நீ அம்புட்டுப் பேசியும், ஒன்ன ஒரு எடத்துல விட்டுக்குடுக்குறாளா பாரு."

செல்வி வாயைத் திறந்து மூடினாள். இனி நான் என்ன சொன்னாலும் அது அவள் கணக்கில்தான் ஏறும்.

ஆகவே இதை அச்சில் போடுகிறேன். அச்சில் வந்தால் மாற்ற முடியாது. ஆனால் எழுதி முடிக்கும்போதுதான் இன்னொன்று உறைக்கிறது. அம்மாவுக்கு வாசிக்கத் தெரியாது. முத்துவுக்குப் பொறுமை கிடையாது. இந்தப் பத்திரிகை வீட்டுக்கு வந்தால், சாயங்காலம் குளித்துவிட்டு ஈரத் தலையோடு அம்மா சாய்ந்து உட்கார்ந்திருக்க, பக்கத்தில் இருந்து இதை அவளுக்கு வாசித்துக் காட்டப்போவது செல்விதான்.

செல்வி, கண்டுபிடித்தது நான்தான். இந்த வரியை மட்டும் இரண்டு தடவை வாசி.